கொக்கு மாதிரி நில்லுங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பறவை பாக்க ஒரு ஈரநில சரணாலயத்துக்கு விடியறதுக்கு முன்னாடியே போய் உக்காந்து, பொழுது சாஞ்சப்புறம்தான் எந்திரிச்சு வந்தேன்னு எழுதியிருந்தேன்ல, அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு எனக்கும் தெரியாது, பக்கம் ஒதுக்கின ஆசிரியருக்கும் தெரியாது. அதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் "என்ன கேமரா வச்சிருக்கீங்க"ன்னு கேட்டிருக்காங்க. கேமராவே கொண்டு போகல. மத்த கேள்விகளுக்கு வருவோம்.

கே: நீங்க எழுதினதப் படிச்சுட்டு குடும்பத்தோட ஒரு ஏரிக்குப் போனோம். பத்து மணிக்கு சேர்ந்தோம், ஒரு மணி நேரம் கரையைச் சுத்தி நடந்தோம், மொத்தமே பதினோரு வகைதான். நீங்க அம்பத்தி மூணுன்னு எழுதியிருக்கீங்க. கொஞ்சம் கூட்டி எழுதிட்டீங்களோ?
(ஏமாந்து திரும்பிய ஒரு குடும்பத் தலைவர்)

ப: கூட்டலைங்க, நோட்டு இருக்கு. ஆனா உங்க கடிதத்துலயே பதில் இருக்கு பாருங்க, பத்து மணி, ஒரு மணி நேரம், நடந்தோம். மூணுமே பறவைக்கு ஆகாது. வெளிச்சம் வந்த முதல் ரெண்டு மணி நேரத்துலதான் எல்லாம் பசியோட சுறுசுறுப்பா இரை தேடும். வெயில் ஏறிட்டா நாணலுக்குள்ள, நிழலுக்குள்ள ஒதுங்கிடும், போதாக்குறைக்கு தண்ணி மேல கானல் ஆடறதால தூரத்துல இருக்கறது வாத்தா கட்டையான்னே தெரியாது.

அதைவிட பெரிய விஷயம் நடக்கறது. நீங்க ஒரு கரையில நடக்க நடக்க உங்களுக்கு முன்னாடி இருக்கற பறவையெல்லாம் ஒவ்வொண்ணா தள்ளிப் போய்க்கிட்டே இருக்கும், நீங்க பாக்கறது மிச்சம் மீதிதான். அன்னிக்கு நான் மூணே இடத்துலதான் உக்காந்தேன். முதல் இடத்துல மொத இருபது நிமிஷம் ஒண்ணுமே இல்ல, வெறும் சேறு, நானே இடத்த மாத்திடலாமான்னு யோசிச்சேன், அப்புறம் அந்தச் சேத்துல ஒரு மண்ணாங்கட்டி ரெண்டடி நகந்துச்சு. பாத்தா உள்ளான், சேத்து நிறத்துலயே இருக்கற சின்ன நீர்ப்பறவை. நான் வந்ததுலேர்ந்து என் எதிர்லயே உறைஞ்சு போய் நின்னுட்டு, இவன் ஆபத்தில்லன்னு முடிவு பண்ணின அப்புறம்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கு. ஒண்ணக் கண்டுபிடிச்சதும் கண்ணு பழகிடுச்சு, எண்ணினா ஏழு நின்னுச்சு!

அடுத்த தடவை காலைல போனீங்கன்னா சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கற மாதிரி கிழக்குக் கரையில உக்காருங்க, எதிர்வெயில்ல பாத்தா எல்லாமே கருப்பு நிழல்தான். காத்து எந்தப் பக்கம்னும் பாருங்க, பறவைங்க காத்துக்கு முகம் குடுத்துதான் நிக்கும், இறங்கும், கிளம்பும். கடலோர சேத்து நிலம்னா கடிகாரத்தைவிட ஓதம், அதாவது கடல் தண்ணி ஏறி இறங்கறது, முக்கியம். தண்ணி ஏற ஏற தூரத்துல மேஞ்சிட்டிருந்த கூட்டமெல்லாம் தானாவே கரைப் பக்கம் வந்து சேரும்.

இன்னொண்ணு, அந்தப் பதினொண்ணு என்னென்னன்னு எழுதவே இல்லையே நீங்க. எண்ணிக்கைதான் ஞாபகம் இருக்கு போல.

கே: எனக்கு வெள்ளையா இருந்தா கொக்கு, கருப்பா இருந்தா காக்கா. வெள்ளைக் கொக்குலயே நாலு வகைன்னு எழுதிட்டீங்க, எப்படிங்க பிரிக்கறது?
(முழிச்சிட்டு நிக்கும் வாசகி)

ப: காலையும் மூக்கையும் பாருங்க. சின்னக் கொக்குக்கு மூக்கு கருப்பு, கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள், கருப்பு சாக்ஸ் போட்டு மஞ்சள் ஷூ மாட்டின மாதிரி. அந்த மஞ்சப் பாதத்த சேத்துல போட்டு நடுக்கிக்கிட்டே நடக்கும், பயந்து ஓடற மீனையும் பூச்சியையும் கொத்தும். உண்ணிக்கொக்குக்கு மூக்கு மஞ்சள், குட்டை, கழுத்தும் குட்டை, மாட்டுக் கூடவே திரியும், இனப்பெருக்க சமயத்துல தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாயிடும். பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும்தான் எல்லாரும் குழம்புவாங்க. வாயோட ஓரத்துலேர்ந்து போற கோடு கண்ணத் தாண்டி பின்னாடி வரைக்கும் போனா பெரியது, கண்ணுக்குக் கீழயே நின்னுட்டா நடுத்தரம். மூக்கு நிறத்த மட்டும் நம்பாதீங்க, சீசனுக்கு சீசன் மாறும்.

பறக்கறப்ப இன்னும் சுலபம். கொக்குக் குடும்பம் கழுத்த மடிச்சுக்கிட்டு பறக்கும். நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பூநாரை எல்லாம் கழுத்த நீட்டிட்டுப் பறக்கும். கூழைக்கடாவும் மடிக்கும், ஆனா அந்த உடம்பையும் அலகையும் பாத்துட்டு யாரும் கொக்குன்னு சொல்ல மாட்டாங்க.

கொக்குப் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிடறேன். இனப்பெருக்க சமயத்துல முதுகுல தொங்குற அந்த மெல்லிசு இறகுக்காக 19-ம் நூற்றாண்டு கடைசியில லட்சக்கணக்குல கொக்க சுட்டாங்க, சீமாட்டிகளோட தொப்பில வைக்க. எடைக்கு எடை தங்கத்தைவிட அதிக விலைக்குப் போன காலம் அது. கூட்டுல குஞ்சு இருக்கறப்பதான் அந்த இறகு வளரும்ங்கறதால தாயச் சுட்டா குஞ்சும் பட்டினில போச்சு. இதுக்கு எதிரா 1889-ல இங்கிலாந்துல எமிலி வில்லியம்சன்னு ஒரு பெண்மணி, மான்செஸ்டர் பக்கம் டிட்ஸ்பரில தன் வீட்டுல பெண்களக் கூட்டி, இறகு வச்ச தொப்பி போட மாட்டோம்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு அதுதான் ராயல் சொசைட்டி ஃபார் த ப்ரொடெக்‌ஷன் ஆஃப் பேர்ட்ஸ். இறகு இறக்குமதிக்குத் தடைச் சட்டம் வர 1921 ஆயிடுச்சு, முப்பத்தி ரெண்டு வருஷம். அடுத்த தடவை கொக்கு முதுகுல காத்துல ஆடற அந்த இறகப் பாக்கறப்ப இது ஞாபகம் வரும் உங்களுக்கு.

கே: பைனாகுலர்ல 8×42, 10×50ன்னு போட்டிருக்கே, பெரிய நம்பர்தானே நல்லது?
(வாங்கறதுக்கு முன்னாடி கேக்கறவர்)

ப: இல்ல. முதல் நம்பர் எத்தனை மடங்கு கிட்டக் காட்டும்ங்கறது, ரெண்டாவது முன்னாடி இருக்கற கண்ணாடியோட விட்டம், மில்லிமீட்டர்ல. மடங்கு கூடக் கூட உங்க கை நடுக்கமும் அதே மடங்கு கூடும், பாக்கற பரப்பும் குறையும். ஈரநிலத்துல பறவை பறந்துக்கிட்டே இருக்குமே, பரப்பு சின்னதா இருந்தா பிடிக்கவே முடியாது. 42-ஐ 8-ஆல வகுத்தா 5.25 வருதுல்ல, கண்ணுக்குள்ள வர்ற வெளிச்ச வட்டத்தோட அகலம் அது. விடியக்காலை மங்கல்ல அது ஜாஸ்தியா இருந்தா நல்லா தெரியும். அதனால புதுசா வாங்கறவங்களுக்கு 8×42-தான் சொல்வேன்.

வாங்கினப்புறம் வலது கண் பக்கம் இருக்கற சின்ன வளையத்த உங்க பார்வைக்கு ஒரு தடவை சரி பண்ணி வச்சுக்கணும், பாதிப் பேர் இத செய்யாமயே "எனக்கு இது மங்கலா தெரியுது"ன்னு அலமாரில வச்சிடறாங்க. அப்புறம் பறவையப் பாத்ததும் தலைய குனிஞ்சு பைனாகுலரத் தேடாதீங்க, கண்ண பறவை மேலயே வச்சுக்கிட்டு கருவிய கண்ணுக்குக் கொண்டு வாங்க. ரெண்டு நாள் தூரத்து ஜன்னல், மரக்கிளைன்னு பாத்துப் பழகினா வந்துடும்.

கே: நீர்க்காகம் தண்ணிலயே பொழைக்கற பறவை. அது ஏன் துணி காயப்போட்ட மாதிரி சிறக விரிச்சுக்கிட்டு நிக்குது? வாத்து அப்படி நிக்கலயே?
(பதினொண்ணாம் வகுப்பு மாணவி)

ப: இந்த வாரத்தோட நல்ல கேள்வி இதுதான். வாத்துக்கு மிதக்கறதுதான் வேலை, அதனால இறகுக்கு நடுவுல காத்து தங்கணும், தண்ணி உள்ள போகக்கூடாது. நீர்க்காகத்துக்கு வேலையே முங்கிப்போய் மீன் துரத்தறது. இறகுக்குள்ள காத்து நிறைய இருந்தா பந்து மாதிரி மேல தள்ளிக்கிட்டே இருக்கும்ல? அதனால அதோட இறகுல வெளி ஓரம் மட்டும் நனையற மாதிரி அமைஞ்சிருக்கு, நடுப்பகுதி நனையாது. காத்து வெளியேறும், உடம்பு சுலபமா முங்கும், ஆனா தோலு வரைக்கும் குளிர் போகாது. வெளிய வந்தா காய வைக்க வேண்டியதுதான்.

பாம்புத்தாரா இதுல ஒரு படி மேல, முழுசாவே நனைஞ்சிடும், அதனாலதான் நீந்தறப்ப உடம்பு தண்ணிக்குள்ள போயி கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளிய தெரியும். மீனக் கவ்வாது, ஈட்டி மாதிரி குத்தும், அப்புறம் தூக்கிப்போட்டு தலைப்பக்கமா முழுங்கும். அது சிறக விரிக்கறது காய மட்டும் இல்ல, வெயில்ல உடம்ப சூடாக்கவும்தான். அன்னிக்கு ஒரு பாம்புத்தாரா மீனத் தூக்கிப்போட்டுப் பிடிக்க வராம மூணு தடவை தவறவிட்டத நான் பாத்தேன், மூணாவது தடவை பக்கத்துல இருந்த கொக்கு வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு.

கே: நாரைக்கு முட்டி ஏன் பின்பக்கமா மடங்குது?

ப: அது முட்டியே இல்ல, கணுக்கால். முட்டி மேல வயித்து இறகுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. நீங்க பாதம்னு நினைக்கறது வெறும் விரலுங்க. காலம் முழுக்க குதிகால் தரையில படாம நடக்குதுங்க.

கே: என் மகன் (வயசு 7) கேக்கறான், நரியும் பருந்தும் சுத்தற இடத்துல வாத்து எப்படி நிம்மதியா தூங்கும்?
(ஒரு அம்மா)

ப: தம்பி, பாதி தூங்கும். நிஜமாத்தான். வாத்தால மூளையில ஒரு பாதிய தூங்க விட்டு இன்னொரு பாதிய முழிப்பா வச்சுக்க முடியும், முழிப்பா இருக்கற பாதிக்கு சேர்ந்த கண்ணு திறந்தே இருக்கும். 1999-ல இத ஆராய்ச்சி பண்ணினவங்க வாத்துங்கள வரிசையா தூங்க விட்டுப் பாத்தாங்க. நடுவுல இருக்கற வாத்துங்க பெரும்பாலும் ரெண்டு கண்ணையும் மூடித் தூங்கினதுங்க, ஓரத்துல இருக்கற வாத்து மட்டும் வெளிப்பக்கம் பாத்த கண்ண அடிக்கடி திறந்து வச்சிருந்துச்சு. அதாவது ஓரத்துல படுத்தவங்க வாட்ச்மேன். அடுத்த தடவை போனா கூட்டத்தோட ஓரத்துல இருக்கறதோட கண்ணப் பாரு, பாத்துட்டு எனக்கு எழுது.

கே: நான் ஃபோன்ல பறவையோட குரலப் போட்டு பக்கத்துல வரவழைச்சு படம் எடுப்பேன். நண்பர் தப்புங்கறார். கொல்லலயே சார், படம்தானே எடுக்கறேன்?
(லைக் வாங்கும் ஆசையுள்ளவர்)

ப: உங்க நண்பர் கட்சிதான் நான். குரலக் கேட்டு வர்றது உங்களப் பாக்க வரல, தன் இடத்துல இன்னொருத்தன் புகுந்துட்டான்னு சண்டைக்கு வருது. கூட்டுல முட்டைய விட்டுட்டு வருது, அந்த நேரத்துல காக்கா வந்தா முட்டை போச்சு. நீங்க ஒரு படம் எடுத்துட்டுப் போயிடுவீங்க, பின்னாடி இன்னொருத்தர் வருவார், அவரும் அதே குரலப் போடுவார்.

கரையில ஓய்வெடுக்கற வலசைப் பறவைய கிட்டப்போய் கிளப்பி விடறதும் இதே கதைதான். பட்டைவால் மூக்கன்னு ஒரு பறவை இருக்கு, புறா சைஸவிட கொஞ்சம் பெருசு. 2022 அக்டோபர்ல ஒரு அஞ்சு மாசக் குஞ்சு, சரியாப் படிங்க, அஞ்சு மாசம், அலாஸ்காவுலேர்ந்து ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா வரைக்கும் 13,560 கிலோமீட்டர், பதினொரு நாள், எங்கயும் இறங்காம பறந்துச்சு. உடம்புல டிரான்ஸ்மிட்டர் இருந்ததால தெரிஞ்சுது. இதால கடல்ல இறங்கி மிதந்து இளைப்பாற முடியாது, தின்னவும் கடல்ல ஒண்ணும் இல்ல. கிளம்பறதுக்கு முன்னாடி உடம்பு எடையில பாதி வரைக்கும் கொழுப்பா சேர்த்துக்கும், குடல் மாதிரி அந்தப் பயணத்துக்கு வேண்டாத உறுப்பெல்லாம் சுருங்கிடும். இப்படி வந்து சேர்ற ஒண்ண, அது மேயற சேத்துலேர்ந்து நீங்க ஒரு நாளைக்கு அஞ்சு தடவை எழுப்பினா அது சேர்த்து வைக்க வேண்டிய கொழுப்ப உங்க படத்துக்காக செலவு பண்ணுதுன்னு அர்த்தம்.

நானும் யோக்கியன் இல்ல. ஆரம்ப காலத்துல இன்னும் பத்தடி, இன்னும் பத்தடின்னு தவழ்ந்து போய் ஒரு மொத்த ஆலாப் பறவைக் கூட்டத்தையும் கிளப்பி விட்டேன், கீழ பாத்தா மணல்ல முட்டை, என் முழங்காலுக்கு ஒரு சாண் பக்கத்துல. அன்னியோட விட்டேன். கொக்கு தலையில வெண்ணெய் வச்சுப் பிடிக்கற யோசனையெல்லாம் வேணாம்ங்க, ஒரு மறைவுல ஒரு மணி நேரம் ஆடாம உக்காருங்க, அதுவே வரும். தலைய நிமித்தி மேயறத நிறுத்திட்டு உங்களப் பாத்துச்சுன்னா நீங்க ஏற்கனவே ரொம்பக் கிட்டப் போயிட்டீங்க.

கே: ரொட்டி போடலாமா?

ப: வேணாம். வயிறு நிறையும், சத்து இருக்காது, மிச்சம் தண்ணில அழுகும்.

கே: இலைக்கோழில அப்பாதான் குஞ்சு வளக்கும்னு எழுதியிருந்தீங்க. என் வீட்டுக்காரர் நம்ப மாட்டேங்கறார். கொஞ்சம் விளக்கமா எழுதுங்க, வெட்டி ஒட்டி வைக்கணும்.
(மூணு பிள்ளைங்களோட அம்மா)

ப: ஒட்டுங்க, தாராளமா! தாமரை இலை மேல நடந்து போகுமே, விரல் அவ்ளோ நீளம், எடை பரவிடறதால இலை முங்காது, அந்தப் பறவைதான். பொண்ணு ஆம்பளையவிட பெருசு. ஒரு ஆண் கூட சேந்து நாலு முட்டை போட்டுட்டு அவன்கிட்ட விட்டுட்டு அடுத்தவன்கிட்ட போயிடும், ஒரு சீசன்ல இப்படிப் பல கூடு. அடை காக்கறது, குஞ்சு பொரிச்சப்புறம் கூட்டிக்கிட்டு அலையறது எல்லாம் ஆண் தலையில. தாமரை இலைக்கோழில ஆபத்துன்னா அப்பா குஞ்சுகள சிறகுக்கு அடியில அள்ளிக்கிட்டு ஓடும், வெளிய பாத்தா ரெண்டு காலுள்ள பறவைக்கு எட்டு பத்து கால் தொங்கற மாதிரி இருக்கும். அன்னிக்கு நான் பாத்தது அந்தக் காட்சியத்தான், முதல்ல எனக்குமே என்ன ஜந்துன்னு புரியல. மயில் உள்ளான்லயும் இதே கதைதான், அதுல நிறமெல்லாம் பொண்ணுக்கு, மங்கலா இருக்கற ஆம்பளைதான் கூட்டுல.

வீட்டுக்காரருக்கு இதையும் சொல்லிடுங்க, அவர் ஒருத்தர் மட்டும் இல்ல, நிறைய பேர் நம்பல. மூணு கடிதம் வந்திருக்கு, மூணும் ஆண்கள்.

கே: ஆயிரக்கணக்குல நிக்கற பறவைய எப்படிங்க எண்ணுவாங்க? எண்ணி என்ன ஆகப்போவுது?
(கணக்குல வீக்கானவர்)

ப: ஒவ்வொண்ணா எண்ண மாட்டாங்க. முதல்ல பத்து எண்ணுங்க, அந்தப் பத்து எவ்ளோ இடம் பிடிக்குதுன்னு கண்ணுல பதிய வச்சுக்கங்க, அந்த அளவ வச்சு நூறு, அந்த நூற வச்சு கூட்டத்த அளந்துட்டே போங்க. ஒரே ஆளு ஒரே கூட்டத்த ரெண்டு தடவை எண்ணினா ரெண்டும் வேற வேற வரும், பரவால்ல. ஒவ்வொரு வருஷமும் அதே இடத்துல அதே மாதிரி எண்ணினா ஏறுதா இறங்குதான்னு தெரிஞ்சிடும்.

என்ன ஆகும்னா, 1971 பிப்ரவரி 2-ந்தேதி ஈரான்ல காஸ்பியன் கடல் ஓரத்துல ராம்சார்ங்கற ஊர்ல ஈரநிலங்களக் காப்பாத்த ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அதனாலதான் அந்தத் தேதி உலக ஈரநில நாள். ஒரு இடத்துக்கு வழக்கமா 20,000 நீர்ப்பறவைக்கு மேல வந்தாலோ, ஒரு இனத்தோட மொத்த எண்ணிக்கையில நூத்துல ஒரு பங்கு அங்க தங்கினாலோ அந்த இடம் உலக முக்கியத்துவம் உள்ளதுன்னு சேர்க்கத் தகுதி. அந்த 20,000 யாரோ கரையில உக்காந்து எண்ணினதுதானே? அந்த ஒப்பந்தப்படி நெல்வயலும் ஈரநிலம்தான், கடல் தண்ணி இறங்கி இருக்கறப்ப ஆறு மீட்டர் ஆழம் தாண்டாத கடலோரமும் ஈரநிலம்தான். ஆசியாவுல 1987-லேர்ந்து வருஷா வருஷம் ஜனவரில நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்குது, கணக்குல வீக்கா இருக்கறவங்களும் போகலாம், நோட்டு பிடிக்க ஆள் வேணும்.

கே: காலுல வளையம் போட்ட பறவை ஒண்ணப் பாத்தேன். யாரோ வளக்கறதா?

ப: இல்ல, ஆராய்ச்சிக்குப் போட்டது. டென்மார்க்ல ஹான்ஸ் மார்டென்சன்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் 1899-ல மைனா இனத்துப் பறவைங்களுக்கு நம்பர் போட்ட அலுமினிய வளையம் மாட்டி ஆரம்பிச்சு வச்சது. எந்தக் கால், என்ன நிறம், எழுத்தோ நம்பரோ தெரிஞ்சா அது, தேதி, இடம் எல்லாம் எழுதி பறவை ஆராய்ச்சி அமைப்புக்கு அனுப்புங்க. படத்துல எழுத்து தெரியலன்னாலும் நிறங்கள் எந்த வரிசையில இருக்குன்னு எழுதுங்க, அதுலயே பல தடவை கண்டுபிடிச்சிடுவாங்க.

கே: ஒரு நாள் முழுக்க சும்மா உக்காந்திருந்தேன்னு பெருமையா எழுதியிருக்கீங்க. உண்மையச் சொல்லுங்க, போர் அடிக்கல?
(நேர்மையான பதில எதிர்பார்ப்பவர்)

ப: அடிச்சுது. பன்னெண்டு மணிலேர்ந்து ரெண்டரை வரைக்கும் நல்லா அடிச்சுது, நடுவுல முக்கால் மணி நேரம் அந்த மறைவுக் குடில் பெஞ்சுலயே தூங்கிட்டேன், போன இதழ்ல அத எழுதல. எழுப்பினது நாமக்கோழிங்க, நெத்தில வெள்ளை நாமம் போட்ட கருப்பு நீர்ப்பறவைங்க. தூரத்துல மேஞ்சிட்டிருந்ததெல்லாம் ஒரே நேரத்துல குரல் குடுத்துக்கிட்டு ஒட்டி ஒட்டி ஒரு கருப்புக் கட்டியா சேந்துச்சு, கிளுவைங்கற சின்ன வாத்துங்க அப்படியே மொத்தமா மேல எழும்புச்சு, என்னடான்னு அண்ணாந்து பாத்தா நாணல் உயரத்துல, சிறக இங்கிலீஷ் V மாதிரி தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு சேற்றுப் பருந்து மெதுவா வருது. எனக்குத் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே ஏரிக்கே தெரிஞ்சிருக்கு. அது ஒண்ணையும் பிடிக்காம தாண்டிப் போச்சு, ரெண்டு நிமிஷத்துல எல்லாம் பழையபடி மேய ஆரம்பிச்சிடுச்சு.

சாயங்காலம் அடையறதுக்கு வந்த நீர்க்காகங்கள எண்ண ஆரம்பிச்சேன். முந்நூத்தி நாப்பது வரைக்கும் வந்தேன், அப்ப ஒரு கூழைக்கடா என் தலைக்கு மேலேயே தாழப் போச்சு, சிறகுல காத்து உரசற சத்தம் கேட்டுச்சு, எண்ணிக்கை விட்டுப் போச்சு. நோட்டுல இன்னமும் "340+"ன்னுதான் இருக்கு.